துரையின் படகு, நம்மாளுங்க கயிறு

ஈப்போ ஒரு படகுத்துறை ஊர் என்று சொன்னால் ஈப்போக்காரர்களே சிரிப்பார்கள். சுண்ணாம்புக் குன்று, வெள்ளைக் காப்பி, புந்தோங் கச்சான் பூத்தே. இதில் படகு எங்கே வந்தது? ஆனால் இந்த ஊர் இந்த இடத்தில் உருவானதற்குக் காரணமே படகுதான். கடலில் இருந்து பேராக் ஆற்றில் நுழைந்து, கிந்தா ஆற்றுக்குத் திரும்பி, மேலே ஏறி வரும் படகு இதற்கு மேல் போக முடியாது என்று நின்ற இடம் ஈப்போ. 19ஆம் நூற்றாண்டில் ஈயம் இங்கே ஏறியது. அரிசியும் ஆட்களும் இங்கே இறங்கினார்கள். கீழே ஆற்றுமுகத்துப் பக்கம் தெலுக் ஆன்சன், இன்றைய தெலுக் இந்தான், கப்பல் வந்து நின்ற ஊர்.

இந்த ஆற்றை இரண்டு விஷயங்கள் காலி செய்தன. முதலாவது, 1890-களில் தெலுக் ஆன்சனில் இருந்து கிந்தா பள்ளத்தாக்குக்கு வந்த ரயில். இரண்டாவது, ஈயச் சுரங்கங்கள் ஆற்றில் தள்ளிய சேறு. எந்த ஈயத்துக்காகப் படகு வந்ததோ அந்த ஈயமே ஆற்றை மேடாக்கியது. அதன் பிறகு கிந்தாவின் பெரிய மிதவைகள் ஆற்றில் இல்லை, குட்டையில்தான் இருந்தன. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் ஈயக்கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். தனக்குத் தேவையான குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு மின்சாரத்தில் ஓடியது. அது 1982-இல் நின்றது, 1985-இல் உலக ஈயச் சந்தையே சரிந்தது. மிச்சம் இருப்பவை ஈயக்குட்டைகள்.

அப்படி ஒரு குட்டையில்தான் என் மாமா படகு விடுகிறார். 12 அடிப் பலகைப் படகு. பின்னால் ஒரு பழைய பிரிட்டிஷ் சீகல் எஞ்சின். ஒரு தோட்டம் கைமாறியபோது ஸ்டோரில் கிடந்த பழைய இரும்போடு இரும்பாக இதுவும் வெளியே வந்தது. எடைக்கு வாங்கினார்.

படகுக்கு வெளியே தொங்கும் மோட்டார் என்ற யோசனையைப் பெரிய வியாபாரமாக்கியவர் அமெரிக்காவின் மில்வாக்கியில் இருந்த ஓலே எவின்ரூட். அது 1909. பிரிட்டனில் 1931-இல் சீகல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஆயிரக்கணக்கில் வாங்கிய எஞ்சின் இது. அழகு பார்க்காமல் செய்தது. மேல்மூடி கிடையாது, சுழலும் சக்கரம் அப்படியே வெளியே தெரியும். சக்கரத்தில் ஒரு வெட்டு இருக்கும். கயிற்றின் முடிச்சை அதில் மாட்டி, சுற்றி, ஒரே இழுப்பு. பழைய மாடல்களில் கியரைத் தனியாக விடுவிக்க வழியில்லை. எஞ்சின் பிடித்த கணமே படகு கிளம்பிவிடும். இழுக்கிறவர் அதற்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

பேட்டரியும் கிடையாது. சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் சுருளைக் கடந்து ஓடும்போது உண்டாகும் மின்சாரம்தான் பிளக்கில் பொறியாகிறது. நம்ம ஊர் ஈரத்தில் பல வருசம் கிடந்த சீகல் ஓடாததற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே இருக்கும் பாயிண்ட்டில் படிந்த களிம்பு. மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் பொறி வரவில்லை என்றால் கண்டென்சரை மாற்ற வேண்டும். நான் படித்தது மெக்கானிக்கல். ஆனாலும் இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் மாமாதான்.

எரிபொருள் இன்னொரு கதை. பழைய சீகலுக்குப் பத்துக்கு ஒன்று: 1 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய். அதில் கொஞ்சம் எரியாமல் புகையோடு தண்ணீருக்கே போய்விடும். 25-க்கு ஒன்று என்று குறைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு, அதற்குக் கார்புரேட்டரையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் குழாய் விஷயத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். நம் பால்மரத்தில் இருந்து வரும் இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பி இளகிவிடும். அந்தக் குழாய்க்குச் செயற்கை ரப்பர்தான் வேண்டும். மலாயாவின் ரப்பர் முழுவதும் ஜப்பான் கைக்குப் போனபோது அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. போருக்குப் பிறகு நம் தோட்டங்களின் விலையை இறக்கிய போட்டியாளனும் அதுவே.

ஜப்பான் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பேராக்கில் போரின் போக்கை மாற்றியவற்றில் சின்ன விசைப்படகுகளும் உண்டு. 1941 டிசம்பர் நடுவில் பிரிட்டிஷார் பினாங்கை அவசரமாகக் காலி செய்தார்கள். ஐரோப்பியர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்; ஆசியர்கள் விடப்பட்டார்கள். துறைமுகத்தில் இருந்த படகுகளையும் அழிக்காமல் விட்டுவிட்டார்கள். டிசம்பர் 30 முதல் கம்பாரில் 11ஆவது இந்திய டிவிஷன் உறுதியாக நின்றது. நேராக மோதி ஜப்பானியர்களால் அதை உடைக்க முடியவில்லை. ஆனால் ஜனவரி தொடக்கத்தில் கடற்கரை வழியாகவும் பேராக் ஆற்று வழியாகவும் படகுகளில் வந்த ஜப்பானியர்கள் தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கினார்கள். பின்னால் இருக்கும் சாலை அடைபட்டுவிடும் என்று ஜனவரி 2-இல் கம்பார் கைவிடப்பட்டது. மேற்குக் கரையில் இப்படி இறங்க உதவியவற்றில் பினாங்கில் விட்டுச்சென்ற படகுகளும் இருந்தன.

மாமா இதை ஒரே வரியில் சொல்வார்: "படகையும் விட்டுட்டுப் போனாங்க, ஆளையும் விட்டுட்டுப் போனாங்க." அப்படி விடப்பட்ட ஆட்களில்தான் தோட்டத்துத் தமிழர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அடுத்த ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இதனால்தான் 'பழைமையான படகு எஞ்சின்' என்று சேகரிப்பாளர்கள் செல்லம் கொஞ்சும்போது எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. "டேய், இது துரைங்க எஞ்சின்டா. நம்மாளுங்க கயிறு இழுத்ததோட சரி" என்பார் மாமா. லயத்தில் இருந்தவருக்குச் சொந்த வீடே இல்லாத காலம் அது. துண்டாடலில் தோட்டங்கள் விற்கப்பட்டு ஆட்கள் வெளியேற்றப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு. வெட்டுகிற மரம் தனக்கும் சொந்தம் என்று ஒரு தொழிலாளி சொல்ல முடிந்தது அப்போதுதான்.

அந்த நாளில் எஞ்சின் துரையின் கணக்கில் இருந்தது. ஆனால் எந்தக் காலையில் அது எத்தனை இழுப்பில் பிடிக்கும், மழைக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது கயிறு இழுத்தவருக்குத்தான் தெரிந்திருக்கும். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் வராது. சீகலின் உடம்பில் அடித்திருக்கும் எண்ணை வைத்து அது செய்யப்பட்ட ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். இழுத்தவரைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு எண் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நண்பர்கள் இரண்டு யோசனை சொல்கிறார்கள். ஒன்று, மின்சார மோட்டார் மாட்டு, குட்டைத் தண்ணீர் கெடாது. இன்னொன்று, துடைத்துச் சுவரில் மாட்டு. முதல் யோசனையில் நியாயம் இருக்கிறது; மீன் பிடிக்கப் போகும் நாட்களுக்கு நான் அதைத்தான் செய்யப்போகிறேன். இரண்டாவதற்கு மட்டும் மனம் வரவில்லை. சுவரில் மாட்டினால் அது மறுபடியும் துரையின் ஞாபகமாகிவிடும். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை ஓட்டினால், பாயிண்ட்டைத் துடைக்கவும் கயிறு சுற்றவும் ஒரு ஆளாவது பழகியிருப்பான். கீழ்ப்பேராக்கில், பாகான் டத்தோ பக்கம், ஆற்றுப் படகில் வேலை செய்த தாத்தாக்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பால் வெட்டைப் பற்றிக் கேட்கும்போது படகைப் பற்றியும் கேளுங்கள்.