தலைமன்னார்த் துறையும் காய்ச்சற் கணக்கும்



மன்னார்த் தீவின் வடமேற்குக் கோடியிலுள்ளது தலைமன்னார்த் துறை. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் இத்துறைக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. தேயிலைத் தோட்டங்களை நாடி வந்த பல்லாயிரம் தொழிலாளர் இங்கே இறங்கிப் புகைவண்டி ஏறினர்.

அதற்கு முந்திய தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். வழியில் வாந்திபேதி கண்டு மாண்டோர் பலர். அந்நோய் இலங்கைக்குள் பரவாதிருக்க, பின்னாளில் இலங்கை அரசாங்கம் அக்கரையில் மண்டபத்திலே முகாம் அமைத்தது. தொழிலாளரை அங்கே தடுத்துவைத்துச் சோதித்த பின்னரே கப்பலேற்றினர்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாவை இக்காவல் தடுக்கவில்லை. காய்ச்சல் காணுமுன்பே, ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகவே, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவல்லது அந்நோய். நாடி பார்த்தோ நெற்றியைத் தொட்டோ அதனை முற்றும் கண்டறிய இயலாது. அதன் கிருமி மனிதரிடத்தே கண்டறியப்பட்டதும் 1933ஆம் ஆண்டில்தான்.

அக்காலத்து மரணப் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்த அறிஞர், கொழும்புத் துறைமுகமும் தலைமன்னாரும் அந்நோய் இலங்கைக்குள் நுழைந்த வாயில்கள் எனக் கண்டனர். அந்நோயால் நேர்ந்த மக்கட்டொகை இழப்பு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டது என்பது அவர்களின் மதிப்பீடு. அன்றைய மக்கட்டொகையில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் அதிகம் இது.

பதிவாளர்கள் எழுதிவைத்த ஏடுகள் இல்லையேல் இவ்வுண்மையை நாம் அறிந்திரோம். எனினும் அது மாண்டவர் கணக்கு. உயிரோடிருப்போரைக் காக்க வேறொரு கணக்கு வேண்டும். காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வந்து படுக்கையில் சேர்ந்தோரை வாரந்தோறும் எண்ணும் கணக்கே அது.

உலக சுகாதார நிறுவனம் 1952ஆம் ஆண்டில் இன்புளுவென்சாவைக் கண்காணிக்கும் உலகளாவிய அமைப்பொன்றை ஏற்படுத்தியது. இலங்கையில் தொற்றுநோயியல் பிரிவு 1959ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று தேர்ந்தெடுத்த சில வைத்தியசாலைகளில், பத்து நாட்களுக்குள் தொடங்கிய காய்ச்சலும் இருமலும் கடுமையாகி அனுமதிக்கப்படுவோரைத் தனியே எண்ணுகின்றனர். அவர்களுட் சிலரின் தொண்டைச் சளி மாதிரி, கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் செல்கிறது. எந்த வகைக் கிருமி உலவுகிறது என்பது அங்கே தெரியவருகிறது.

இலங்கையில் இக்காய்ச்சல் பெரும்பாலும் ஆண்டில் இருமுறை மிகுகிறது: ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறை, மாரியும் பனியும் சேர்ந்த காலத்தில் மற்றொருமுறை. அனுமதிக்கப்படுவோர் தொகை வழக்கத்தை மீறி உயருமாயின், மருந்தையும் படுக்கையையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம். கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவும் ஆஸ்துமாவும் உடையோர் ஆகியோருக்கு நேரத்தோடு எச்சரிக்கை விடுக்கலாம்.

“வெறும் தடிமன்தானே” என்று நாட்களை ஓட்டுவது நம்மவர் வழக்கம். ஆனால் இந்நோய்க்குரிய மருந்து, நோய் கண்ட இரண்டு நாட்களுக்குள் கொடுத்தாலே மிகுந்த பயன் தரும். ஆதலால், மூச்சு முட்டினாலோ காய்ச்சல் தணியாவிட்டாலோ தாமதியாது செல்லுங்கள். “காய்ச்சல் என்று தொடங்கியது?” என வைத்தியர் வினவும்போது சரியான நாளைச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு வேண்டிய செய்தி அது. ஊரைக் காக்கும் கணக்குக்கும் அதுவே முதல் எழுத்து.