வாவியின் இசையும் எண்ணிமப் பதிவும்

மட்டக்களப்பு 'மீன்பாடும் தேனாடு' எனப் போற்றப்படுவது. அங்குள்ள கோட்டை கண்ணாற் காணத்தக்க மரபுச் செல்வம். இப்பெயருக்குக் காரணமான வாவியின் இசையோ செவியாற் கேட்டாலன்றி அறியப்படாதது. கல் நிற்கும், ஒலி நில்லாது. ஆதலின் அவ்விசையின் வரலாறு, அதனைக் கேட்டோர் விட்டுச்சென்ற பதிவுகளின் வரலாறேயாகும்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பரில், இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவெறித்த இரவிலே, கோட்டையின் அருகிருந்து படகேறிச் சென்று, நீரினின்று எழுந்த மெல்லொலிகளைக் கேட்டார். அது நீண்டொலிக்கும் ஒரு சுரமன்று, தனித்தனியே தெளிவுற்ற பல சிற்றொலிகளின் தொகுதி என்றும், படகின் மரத்திற் செவியை வைத்தபோது ஒலி மிகுந்தது என்றும் 1859இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலிற் குறித்தார். அவ்வொலியை எழுப்புவது ஊரி என மீனவர் அவருக்கு உரைத்தனர். நூலறிவுக்கு முன்னரே மீனவரின் செவியறிவு வாவியை ஆராய்ந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும். பாடும் உயிர் யாது என்பது இன்றும் ஐயமற நிறுவப்படவில்லை.

1947இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலானந்தர் இவ்விசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு செய்யுள் செய்தார். 1950களில் லாங் என்னும் இயேசு சபைக் குரவர் அதனை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. உரைநடையும் செய்யுளும் இசையைப் பற்றிக் கூறின. ஒலிப்பதிவு இசையையே கேட்பித்தது.

ஒலிநாடா காலத்தால் நலிவது. எண்ணிமப் பதிவோ தரங்குன்றாது படியெடுக்கத்தக்கது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பேணும் பொருட்டு 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், பல இடங்களிற் சிதறிக் கிடந்த ஏடுகளை உலகெங்குமுள்ள தமிழர் படிக்கச் செய்தது. ஏட்டுக்கு இயன்றது வாவியின் ஒலிக்கும் இயலும்.

முன்னாளிற் கேட்போர் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியிற் செவி வைத்தனர். நீருள் அமிழ்த்தும் ஒலிவாங்கி இன்று அத்தொழிலையே செய்கிறது. மனிதர் துயிலும் வேளையிலும் அது விழித்திருக்கும். ஆயினும் ஒரிரவின் பதிவு போதாது. மாரி வெள்ளம் முகத்துவாரத்து மணற்றிட்டை உடைக்குங்கால் வாவியின் உவர்ப்பு மாறும். கோடையில் மீளவும் மாறும். இடமும் நாளும் நிலவின் நிலையும் உவர்ப்பளவும் குறித்து, ஆண்டுதோறும் எடுக்கப்படும் பதிவுகளே ஒப்புநோக்குதற்கு உதவுவன. ஓரிடத்தில் ஒலி குறையின், நீர்மாசோ, கண்டற் காட்டின் அழிவோ, இயந்திரப் படகின் இரைச்சலோ காரணமெனத் தேடுதற்கு அவை வழிகாட்டும்.

சுற்றுலாவுக்கும் இதனாற் பயனுண்டு. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தை நாடி வருவோர்க்கு, நீர்ப்பரப்பைக் கலக்காது கரையிலிருந்தே பதிவைக் கேட்பிக்கலாம். மீனவர் நினைவுகளை அவர்தம் மொழியிலேயே உடன் சேர்த்தல் வேண்டும். 1848இல் விளக்கந் தந்தோர் அவர்களே.

எனினும் பதிவு வாவியாகாது. கண்டல் அழிந்து நீர் கெட்டபின் எஞ்சும் ஒலிக்கோவை வெறும் இரங்கற்பாவே. பாடும் நீர் உயிரோடிருத்தற்குத் துணைபுரியும்போதே எண்ணிமக் கருவி மரபின் காவலாகும்.