எக்ஸ்ரேயில் விழாத காயம்

2009 பொங்கலுக்கு ஜலகண்டாபுரத்தில் நடந்த கபடியில், பாடிப்போன எங்கள் பெரியப்பா மகன் பிடியிலிருந்து விலகித் திரும்பினார். ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்'புனு ஒரு சத்தம் கேட்டதாம். சாயங்காலத்துக்குள் முழங்கால் வீங்கிப்போனது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்புக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்க" என்றார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு மாதத்தில் அண்ணன் மறுபடி களத்தில். படி இறங்கும்போது மட்டும் கால் திடீர்னு நழுவும்.

எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது. இது புதுச் செய்தியே இல்லை. 1875ல் பாரிஸில் ஜார்ஜ் நூலிஸ் என்பவர் தன் ஆய்வேட்டில், முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் முறையை எழுதிவிட்டார். 1879ல் அதே ஊரில் பால் செகோன், அந்த 'டப்' சத்தத்தையும் உடனே வரும் வீக்கத்தையும் குறித்துவைத்தார். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததே 1895ல்தான்!

நூலிஸை எல்லாரும் மறந்துபோனார்கள். முழங்காலைச் செங்குத்தாக மடக்கி இழுக்கும் சோதனையே வழக்கமானது. புதுக் காயத்தில் அது ஏமாற்றும். ரத்தம் கட்டிய கால் அவ்வளவு மடங்காது. வலியில் தொடையின் பின்தசை இறுக்கிப் பிடிக்கும். மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ், வண்டிச் சக்கரத்துக்கு வைத்த கல் மாதிரி முட்டுக் கொடுக்கும். 1976ல் ஜோசப் டார்க், ஃபிலடெல்ஃபியாவில் தன் ஆசிரியர் ஜான் லாக்மன் செய்துவந்த சோதனையை விளையாட்டு வீரர்களை வைத்து எழுதினார். இருபது, முப்பது டிகிரி மடக்கினால் போதும். இழுக்கும்போது 'டக்'குனு நிற்காமல் கொழகொழவென்று வந்தால் முன்பக்க லிகமென்ட் போயிருக்கிறது. ஆக, நூலிஸ் சொன்னதேதான், நூறு வருஷம் கழித்து, வேறு பெயரில்.

பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐபிஎல் வீரர், கூடவே பிசியோ உண்டு. திருவிழாக் கபடியில் விழுகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்?

2011ல் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் அண்ணனின் காலை அரை நிமிஷம் பிடித்துப் பார்த்தார். "இது அறுந்து ரொம்ப நாளாச்சேப்பா!" எம்ஆர்ஐயும் அதையே சொன்னது. அதற்குள் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. அந்த ரெண்டு வருஷ ஆட்டத்தில்தான் கிழிந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

இப்போதும் அண்ணன் கபடி பார்க்கப் போவார். எவனாவது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போய்க் கேட்பார்: "உள்ள சத்தம் கேட்டுச்சா தம்பி?"