சால்மன் வலசைக் கணக்கெடுப்பு

முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் சால்மன் மீன்களையும், ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் அவற்றின் இளமீன்களையும் ஆண்டுதோறும் ஆற்றிலேயே மறித்து, எண்ணி, அளந்து, மீண்டும் விட்டுவிடும் களப்பணியைச் சால்மன் வலசைக் கணக்கெடுப்பு என்கிறோம். வட பசிபிக், வட அட்லாண்டிக் கரைநாடுகள் பலவற்றிலும் இது நடக்கிறது. ஆனால் இதை மீன்பிடி நிர்வாகத்தின் அச்சாணி ஆக்கிய நிலம் அலாஸ்கா. அங்கே இன்று கடலில் வலை இறக்கலாமா கூடாதா என்பதற்கு விடை ஆற்றங்கரையிலிருந்து வருகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் அலாஸ்காவைப் பற்றியது.

ஆற்றில் ஏன் எண்ண வேண்டும்?

வட அமெரிக்காவில் பசிபிக் சால்மன் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை சினூக், சாக்கை, கோஹோ, சம், பிங்க் ஆகிய ஐந்து. (நம் மீன் கடைகளில் இந்தியன் சால்மன் என்று விற்கப்படும் காலா மீனுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளரும் வானவில் டிரவுட்தான் இவற்றின் நெருங்கிய சொந்தம்.) ஐந்தும் நன்னீரில் பிறந்து, கடலில் கொழுத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி, ஒரே முறை முட்டையிட்டுச் சாகின்றன. திரும்பும் வழியின் கடைசிப் பகுதியை மீன் பிறந்த நீரின் மணத்தால் அறிகிறது என்பதை ஆர்தர் ஹாஸ்லர் 1950களில் ஆய்வுகளால் காட்டினார்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலில் சிதறித் திரியும் மீனை அங்கே எண்ணுவது நடவாத காரியம். ஆற்றில் பிறந்து ஆற்றுக்கே திரும்பும் மீன் இளமையில் ஒரு முறையும் முதுமையில் ஒரு முறையும் அதே ஆற்றின் குறுகிய கழுத்தைக் கடந்தாக வேண்டும். சுங்கச்சாவடி போட இதைவிடத் தோதான இடம் கிடையாது.

எண்ணப்படுவது வலைக்குத் தப்பி மேலே ஏறிய மீன்களின் தொகை. இது குறைந்தால் அடுத்த தலைமுறை மெலியும். அளவு மீறிக் கூடினாலும் தொல்லைதான்: பின்னால் வரும் மீன் முன்னது இட்ட முட்டைகளைக் கிளறிப் போடும், ஏரியில் குஞ்சுகளுக்கு இரை போதாது. ஆகவே ஒவ்வோர் ஆற்றுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று ஓர் இலக்கு வகுக்கப்படுகிறது. உலகின் மிகப் பெரிய சாக்கை ஆறுகளுள் ஒன்றான க்விசாக்குக்கு இது 20 லட்சம் முதல் 1 கோடி வரை. இவ்வளவு அகன்ற வீச்சு எதற்கு என்று தோன்றலாம். இந்த ஆற்றின் வரவு ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவு ஏறி இறங்கும்.

வரலாறு

கோடியாக் தீவின் கார்லுக் ஆற்றில் 1882ல் முதல் மீன் டப்பா ஆலை தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தச் சிறிய ஆற்றிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில், பல ஆண்டுகளில் பத்து லட்சங்களைத் தாண்டியும் சாக்கை அள்ளப்பட்டது. பிறகு வரவு சரியத் தொடங்கியது. எத்தனை பிடித்தார்கள் என்பதற்கு ஆலைகளின் கணக்கேடுகள் இருந்தன. எத்தனை தப்பின என்பதைச் சொல்ல ஒரு காகிதமும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க மீனியலாளர்கள் சார்லஸ் கில்பர்ட்டும் வில்லிஸ் ரிச்சும் 1921ல் கார்லுக்கில் ஆற்றின் குறுக்கே எண்ணும் வேலி ஒன்றை நிறுவச் செய்தார்கள். வேலியின் இடம் சில முறை மாறியது, எண்ணிக்கை இன்றும் தொடர்கிறது.

1924ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய வைட் சட்டம், எண்ணும் வேலி உள்ள ஆறுகளில் வரும் மீனில் பாதிக்குக் குறையாமல் மேலே விட வேண்டும் என்றது. வேலி இல்லாத ஆற்றில் பாதி எது என்று யாருக்குத் தெரியும்? சட்டத்தின் ஓட்டை அதிலேயே இருந்தது. டப்பா ஆலைகள் கடலோரத்தில் நட்டிருந்த மாபெரும் மீன்பொறிகள் வழிமறித்து அள்ளிக்கொண்டே இருந்தன. உள்ளூர் மீனவர்களுக்கு அந்தப் பொறிகள் மேல் இருந்த கோபம், அலாஸ்கா தனி மாநிலமாக வேண்டும் என்ற இயக்கத்துக்கே எண்ணெய் வார்த்தது. 1956ல் மாநில அரசியல் சட்டத்தோடு சேர்த்து வணிகப் பொறிகளுக்குத் தடையும் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 1959ல் மாநிலம் பிறந்ததும் தடை நடைமுறைக்கு வந்தது. மீனை ஆண்டாண்டுக்கும் குறையாத விளைச்சல் தரும்படி பேண வேண்டும் என்பது அந்த அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட விதி. மீன்களைக் கொல்லும் பொறி ஒழிந்தது. எண்ணிவிட்டு விடும் பொறி மிஞ்சியது.

ஏறும் மீனை எண்ணும் முறைகள்

மிகப் பழையதும் மிக நம்பகமானதும் வேலிதான். முக்காலிகளை ஆற்றின் குறுக்கே வரிசையாக நிறுத்தி, மணல் மூட்டைகளால் அமுக்கி, அவற்றின்மேல் உலோகக் குழாய்களை நெருக்கமாக நட்டால் தண்ணீர் போகும், மீன் போகாது. நடுவில் ஒரு வாயில், அதையொட்டி ஒரு கூடு. வாயிலைத் திறந்து வைத்து, கையிலுள்ள எண்ணியைச் சொடுக்கிக்கொண்டே பணியாளர் ஒவ்வொரு மீனாக இனம் பிரித்து விடுவார். பகல் வெளிச்சத்தில் வேலியடியில் தயங்கி நிற்கும் மீன் மாலை மயங்கியதும் மொத்தமாகக் கிளம்புவதுண்டு. அதனால் எண்ணுபவரின் வேலைநேரத்தை மீன்தான் வகுக்கிறது.

வேலியின் எதிரி வெள்ளம். பெருமழையில் இலையும் கிளையும் குழாய்களில் அடைத்து, நீர் ஏறி, வேலியே சாய்ந்துவிடும். பருவத்தின் பிற்பகுதியில் முட்டையிட்டு இறந்த மீன்களின் உடல்கள் மிதந்து வந்து அடைக்கும். நாள் தவறாமல் அவற்றைத் தள்ளிவிட்டுச் சுத்தம் செய்வதே வேலியில் பெரும் பொழுதைத் தின்னும் வேலை. பிளாஸ்டிக் குழாய்களால் ஆன மிதக்கும் வேலி இதற்கு ஒரு மாற்று. நீரோட்டத்தாலேயே நிமிர்ந்து நிற்கும் அது, வெள்ளம் மிஞ்சினால் படுத்துக் குப்பையை மேலே போகவிட்டு, வடிந்ததும் எழுந்துகொள்ளும். வேலி செயலிழந்த நாட்களின் எண்ணிக்கையை முன்பின் நாட்களைக் கொண்டு மதிப்பிட்டு நிரப்புகிறார்கள்.

பிரிஸ்டல் விரிகுடாவில் விழும் ஆறுகள் வேலிக்கு அடங்காத அகலமுள்ளவை. ஆனால் பெரிய ஏரிகளிலிருந்து வருவதால் தெளிந்தவை. சாக்கை மீன்கள் இழுப்பு குறைந்த கரையோரமாகப் பட்டையாக நீந்திச் செல்லும். இந்த இரண்டையும் சாதகமாக்கி, 1950களில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபுர முறையை வளர்த்தார்கள். இரு கரையிலும் சாரம் கட்டி, கண்கூசாத கண்ணாடி அணிந்து, ஒவ்வொரு மணிநேரத்திலும் ஒரு கரைக்குப் பத்து நிமிடம் எண்ணி ஆறால் பெருக்குவது. இரவும் பகலும், பருவம் முழுதும். திரும்பிக் கீழே போகும் மீனைக் கழிப்பார்கள். முறை இவ்வளவு எளியது என்பதாலேயே அதை ஐயுறுவோர் உண்டு. ஆனால் மணிக்கு மணி சீராக எடுக்கும் மாதிரி பெரும் வரவுகளில் வியக்கத்தக்க அளவு துல்லியமானது. இலியம்னா ஏரியின் வாயிலில், இகியுகிக் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள க்விசாக் கோபுரம் இவ்வகையில் புகழ்பெற்றது.

பனியாற்று வண்டலால் கலங்கி ஓடும் ஆறுகளில் கண் உதவாது. அங்கே ஒலியலைக் கருவி. அமெரிக்கக் கடற்படைத் தேவைக்காக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான டிட்சன் என்ற கருவி, ஒலியைக் கொண்டு ஏறத்தாழ ஒளிப்படம்போல உருக்காட்டும். 2000களில் அது ஆறுகளுக்கு வந்தபின் கலங்கல் நீரில் எண்ணுவது வெகுவாகத் தெளிவடைந்தது. ஒன்று மட்டும் அதற்கு எளிதில் ஆகாது: ஒரே அளவுள்ள இரு இனங்களைப் பிரித்தறிவது. அதற்காகக் கூடவே சோதனை வலையோ, நீரோட்டத்தால் சுழன்று மீனை அள்ளும் மரச் சக்கரமோ வைத்து இன விகிதம் பார்க்கிறார்கள்.

ஒரு மீனிடமிருந்து எடுப்பவை

கூட்டில் சிக்கியவற்றில் ஒரு பகுதியை மாதிரியாக எடுத்து வயது, பால், நீளம் மூன்றையும் குறிப்பது எங்கும் வழக்கம். ஏறும் மீனின் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து அளப்பதில்லை. நன்னீரில் ஆணின் தாடை நீண்டு வளைந்துவிடும் என்பதால், கண்ணின் நடுவிலிருந்து வால் கவை வரை அளக்கிறார்கள். இடப்பக்கத்தில், முதுகுத் துடுப்பின் பின்முனைக்கும் பின்துடுப்பின் முன்முனைக்கும் இடையே சாய்வாக ஒரு கோடு போட்டால், அது பக்கவாட்டுக் கோட்டுக்குச் சற்று மேலே செல்லும் இடத்தில் ஒரு செதிலை இடுக்கியால் பறித்துப் பசை அட்டையில் ஒட்டுவார்கள். அங்கேதான் குஞ்சுக்குச் செதில் முதலில் முளைக்கிறது. ஆகவே வாழ்நாள் முழுதும் அதில் பதிந்திருக்கும். குளிர்கால வளையங்கள் நெருங்கியும் கோடை வளையங்கள் விரிந்தும் தெரியும். 1.3 என்று எழுதினால், குஞ்சு பொரித்தபின் நன்னீரில் ஒரு குளிர்காலம், கடலில் மூன்று என்று பொருள். சால்மன் செதில் படிப்பைப் பசிபிக் கரையில் வேரூன்றச் செய்தவரும் முன்சொன்ன கில்பர்ட்டே.

இறங்கும் இளமீன்

ஆற்றுப் பனி உடைந்ததும், பெரும்பாலும் மே மாதத்தில், விரல் நீளமுள்ள வெள்ளி நிற இளமீன்கள் இருட்டில் கடலை நோக்கி இறங்கும். அவற்றைப் பிடிக்க இன்று பெரிதும் பயன்படுவது சுழல்திருகுப் பொறி. இரு மிதவைகளுக்கு நடுவே பாதி அமிழ்ந்த துளையிட்ட உலோகக் கூம்பு. உள்ளே திருகு போன்ற தகடு. ஆற்றின் வேகமே கூம்பைச் சுழற்றும். உள்ளே வந்த மீன் திரும்ப முடியாமல் பின்னாலுள்ள பெட்டிக்குள் தள்ளப்படும். எரிபொருளும் மின்சாரமும் வேண்டாம். ஆனால் ஒரு மரக்கட்டை வந்து சிக்கினால் சுழற்சி நின்று, உள்ளிருக்கும் குஞ்சுகள் நசுங்கும். வலசை உச்சத்தில் இரவெல்லாம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அதனால்தான்.

பொறி ஆற்றின் ஒரு துண்டை மட்டுமே வடிகட்டுகிறது. மொத்தத்தை அறிய, பிடித்தவற்றில் ஒரு பகுதிக்குச் சாயமேற்றியோ துடுப்பு ஓரத்தை நறுக்கியோ மேலே கொண்டுபோய் விடுவார்கள். 1,000 அடையாள மீன்களில் 50 திரும்பப் பிடிபட்டால் பொறியின் திறன் 5 விழுக்காடு. அந்த வாரம் பொறியில் விழுந்தவை 20,000 என்றால் கடந்து போனவை சுமார் 4 லட்சம். டென்மார்க்கின் யோஹன்னஸ் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தட்டைமீன்களை ஆராய்ந்தபோது பயன்படுத்திய விகிதக் கணக்கு இது. கணக்கு எளிது, அதன் நிபந்தனைகள்தான் கடினம்: அடையாளமிட்ட மீன் மற்றதைப் போலவே நடக்க வேண்டும், இடையில் இரையாகிவிடக் கூடாது. நீர்மட்டம் மாறினால் திறனும் மாறும். ஆகவே பருவத்தில் ஒரே ஒரு முறை சோதித்துவிட்டு முழுப் பருவத்துக்கும் அதையே பெருக்கும் கணக்கை நம்பக் கூடாது.

நிலையான அடையாளங்களும் உண்டு. 1960களில் வந்த குறியீட்டுக் கம்பி 1.1 மில்லிமீட்டர் நீளமே. மூக்குக் குருத்தெலும்பில் செலுத்தி, வெளியே தெரிய முதுகின் சிறு கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடுவார்கள். படிக்க வேண்டுமானால் மீன் செத்திருக்க வேண்டும். அரிசியளவான மின்னணுச் சில்லு அப்படியல்ல. மின்கலம் இல்லாத அது, அலைவாங்கியைக் கடக்கும்போதெல்லாம் தன் எண்ணைச் சொல்லும். கொலம்பியா ஆற்றின் அணைகள் இதற்குப் பேர்பெற்றவை. அங்கே பான்வில் அணையின் மீன்படியில் 1938 முதலே ஏறும் மீன் எண்ணப்படுகிறது.

மீனைக் கையாளுவதில் சில விதிகள் எங்கும் ஒன்றே. கையை நனைத்த பிறகே தொட வேண்டும், உலர்ந்த கை மேல்வழுவழுப்பைத் துடைத்துவிடும். மயக்க மருந்து கலந்த நீரில் குஞ்சை நெடுநேரம் விடக் கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பானால் மாதிரி எடுப்பதை நிறுத்திவிட வேண்டும்.

முகாம்

பெரும்பாலான நிலையங்களுக்குச் சாலை கிடையாது. மிதவை விமானமோ படகோ இரண்டு மூன்று பருவப் பணியாளர்களை இறக்கிவிட்டுப் போகும். மீன் இருக்கும் இடத்தில் பழுப்புக் கரடி இருக்கும் என்பதால் முகாமைச் சுற்றி மின்வேலி போடுவதுண்டு. கொசுவைப் பற்றி எழுதாத கள நாட்குறிப்பு அரிது. கோடையில் இருட்டே சரியாக வராத அந்த நாட்டில் நாள்தோறும் எண்ணிக்கையைத் தலைமையிடத்துக்குச் சொல்வதே முகாமின் முதற்கடமை. கல்லூரி மாணவர்கள் பலர் இப்படித்தான் மீனியலுக்குள் வருகிறார்கள். கூலி பெரிதல்ல, வேலை கடினம். ஆனாலும் ஒரு மாநிலத்தின் மீன்தொழில் அவர்கள் சொடுக்கும் எண்ணியின்மேல் நிற்கிறது.

எண்ணிலிருந்து முடிவு

பிரிஸ்டல் விரிகுடாவின் சாக்கை வரவு ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும். உச்சம் ஜூலை முதல் வாரத்தை ஒட்டி. இந்தச் சில வாரங்களில் அலாஸ்கா மீன்வள, வேட்டைத் துறையின் உயிரியலாளர் சோதனை வலைகளையும் கோபுர எண்ணிக்கையையும் பார்த்து, சில மணிநேர அறிவிப்பில் கடலைத் திறக்கவோ மூடவோ செய்வார். வலைக்குத் தப்பிய மீன் கோபுரத்தை அடையுமுன் நாட்கள் கடந்துவிடும் என்பதால் முடிவெடுப்பவர் எப்போதும் நேற்றைய செய்தியை வைத்தே இன்றைக்குத் தீர்ப்பு எழுதுகிறார். 2022ல் அங்கே வந்த சாக்கை சுமார் 7.9 கோடி. பதிவுகளில் அதுவே மிகுதி.

நீண்ட தொடர்கள் அறிவியலுக்கும் பயன்படுகின்றன. ஜூனோ அருகே ஆக் ஓடையில் பிங்க் சால்மன் நாற்பது ஆண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தி ஏறுகிறது. நீர் வெப்பமானதோடு சேர்ந்த இந்த மாற்றம் மரபணுவிலும் பதிந்திருப்பதை 2012ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டுதோறும் விடாமல் எண்ணி, மாதிரிகளையும் சேமித்திருக்காவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது.

எண்ணுவது மீனைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு யூகான் ஆறு சான்று. கனடா எல்லையருகே ஈகிள் என்ற ஊரில் 2005 முதல் ஒலியலை நிலையம் இயங்குகிறது. 2022ல் எல்லை கடந்த சினூக் அங்கே சுமார் 12,000 மட்டுமே. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் யூகான் சினூக் பிடிப்பை ஏழு ஆண்டு, அதாவது அம்மீனின் ஒரு முழு வாழ்நாள் அளவுக்கு, நிறுத்திவைக்க உடன்பட்டன. எல்லை கடக்க வேண்டிய மீட்சி இலக்கு 71,000 என்று வகுத்திருக்கிறார்கள்.