வண்ணக்கர் பார்த்த வானம்: பைனாகுலரும் தொலைநோக்கியும்

பெங்களூர் பிரேசர் டவுனில் நீண்ட காலமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். வானநூல் எனக்குக் கல்லூரியில் வந்ததல்ல. பழைய புத்தகக் கடையில் வந்தது. சமண வழக்கப்படி எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குமேல் இராப்பொழுது நீளமாகக் கிடக்கும். மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று அங்கே பல வருஷமாக இருக்கிறது. அதனோடு ஒரு பெரிய பைனாகுலரும் வாங்கலாம் என்று சொன்னபோது என் மகன் கேட்டான்: “பெரிசு ஒண்ணு இருக்கும்போது இது எதுக்குப்பா?” வியாபாரியின் மகன் வேறு எப்படிக் கேட்பான்?

இதற்கு விடை தேடப் போய்த்தான் ராதா கோவிந்த சந்திரர் என்ற வங்காளியின் வரலாற்றில் விழுந்தேன். 1878-இல் பிறந்தவர். இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசூர் ஊர்க்காரர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தவறி, அவ்வூர் அரசுக் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் சிறு உத்தியோகத்தில் அமர்ந்தார். இவ்வேலை பார்ப்பவரை நம் முன்னோர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர் பெயர்களிலேயே வண்ணக்கன் என்ற அடை வருவது அன்பர்கள் அறிந்ததே.

1910-இல் ஹாலி வால்மீன் வந்தது. நம் பிரேசர் டவுன் அமைந்ததும் அந்த ஆண்டுதான் என்பார்கள். அந்த வால்மீனைச் சந்திரர் சிறு பைனாகுலரால் பார்த்துக் குறிப்பெழுதினார். 1912-இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி தருவித்தார். 1918 ஜூன் 7-இல் கருடன் மண்டலத்தில் திடீரென ஒளிர்ந்த புது விண்மீனை உலகில் முதன்முதலாகக் கண்ட சிலருள் இவரும் ஒருவர். அச்செய்தி அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வகத்துக்குப் போக, மாறொளி விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கத்தில் இடம் கிடைத்தது. 1954 வரை அவர் அனுப்பிய கணிப்புகள் 37,000-க்கு மேல். பகலில் கருவூலம், இரவில் வானம்!

மாறொளி விண்மீன் என்பது ஒளி கூடியும் குறைந்தும் வருவது. அதை அளப்பது எப்படி? தட்டான் உரைகல்லில் ஆணிப்பொன் கோட்டையும் சோதிக்கும் பொன்னின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து மாற்றுப் பார்ப்பான் அல்லவா? அதேதான். ஒளியளவு தெரிந்த அண்டை விண்மீன் ஒன்றோடு ஒப்பிட்டு, இது அதைவிட மங்கல், இதைவிடப் பிரகாசம் என்று எண் குறிக்க வேண்டும். பைனாகுலரின் பெருமை இங்கேதான். என் தொலைநோக்கி ஒரு நேரத்தில் ஒரு பாகை சொச்சம் வானத்தைத்தான் காட்டும். 20×80 பைனாகுலரோ மூன்று பாகைக்கு மேல், அதாவது முழு நிலா ஆறை வரிசையாக அடுக்கினாற்போல் காட்டும். உரைகல்லின் இரு கோடும் ஒரே பார்வையில்! ஆனால் விண்மீன் மங்கிவிட்டால் பைனாகுலர் கைவிட்டுவிடும். அப்போது தொலைநோக்கிதான் கதி.

எந்த அளவு வாங்குவது? கடையில் “பெரிசா எடுங்க சார்” என்றார்கள். 20×80 என்றால் இருபது மடங்கு பெருக்கம், முகப்பு வில்லை 80 மில்லிமீட்டர். எண்பதை இருபதால் வகுத்தால் 4. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இளைஞரின் கண்மணி இருட்டில் 7 மில்லிமீட்டர் விரியும். அறுபதைத் தாண்டிய எனக்கு 5 விரிந்தால் பெரிது. 10×70 வாங்கினால் 7 மில்லிமீட்டர் கற்றையில் பாதி வீண். நகர வெளிச்சத்தில் பின்னணி வானம் வெளுக்காமல் இருக்கவும் 4, 5 அளவே தோது. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட நான் எடையை மறந்தேன். இரண்டு கிலோவுக்கு மேல். கையில் பிடித்தால் நட்சத்திரம் தந்தியடிக்கிறது. கேமரா முக்காலியில் மாட்டினால் உச்சி வானத்துக்குக் கழுத்து வளையவில்லை. முதல் மாதம் கழுத்து வலிக்குத் தைலம்தான் செலவு. பிறகு எதிர்எடை வைத்த மரக்கை ஒன்று ஆசாரியிடம் செய்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்தபின்தான் வழிக்கு வந்தது. முக்காலி வேண்டாம் என்பவர் 10×50-க்கு மேல் போக வேண்டாம். 25×100 எல்லாம் நான்கு கிலோ. காரில் போகிறவர்க்கே ஆகும். இன்னொன்று: வாங்குமுன் தூரத்துக் கம்பத்தைப் பாருங்கள். இரண்டு குழாயும் இரண்டு கம்பம் காட்டினால், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

இதை எளிய கருவி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1996 ஜனவரியில் ஜப்பானியர் ஹியாகுடாகே தம் பெயர் பெற்ற வால்மீனைக் கண்டுபிடித்தது 25×150 பைனாகுலரால்தான்.

சந்திரரிடம் திரும்புவோம். அன்னாரின் உழைப்பைக் கண்ட அமெரிக்கச் சங்கத்தார், சார்லஸ் எல்மர் கொடுத்திருந்த ஆறு அங்குலத் தொலைநோக்கியை 1926-இல் ஜெசூருக்கே கப்பலேற்றினர். பிற்காலத்தில் அது வைணு பாப்பு அவர்கள் கைக்கு வந்து, முடிவில் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வான் ஆய்வகத்தைச் சேர்ந்தது. 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி எல்லோரும் பேசுவர். இந்த ஆறு அங்குலத்தைப் பற்றி நம்மவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த மலையின் கீழைச் சரிவை ஒட்டிய ஆரணிப் பக்கம் என் சொந்த ஊர். சந்திரர் 1975-இல் காலமானார்.

இப்போது நானும் பேரனும் திமிங்கில மண்டலத்து மீரா விண்மீனைப் பின்தொடர்கிறோம். சுமார் 11 மாதத்துக்கு ஒரு சுற்று. மூன்றாம் தரத்தில் ஒளிர்ந்து ஒன்பதாம் தரத்துக்கு இறங்கும். எட்டு வரை பைனாகுலர், அதற்குமேல் தொலைநோக்கி. கடைப் பேரேடு ஒன்றையே இதற்கு ஒதுக்கிவிட்டோம். போன வாரம் மகன் மாடிக்கு வந்து ஏட்டைப் புரட்டிவிட்டு, “நேத்து ஏன் எழுதல?” என்றான். “மேகம்ப்பா” என்றான் பேரன்.