பச்சை குத்தலும் வலி பொறுத்தலும்
(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களை முன்னிட்டுச் சில குறிப்புகள்)

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைகிறது. அங்கே ஒரு மாநிலம் முடிந்து மற்றொரு மாநிலம் தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன் இவ்வெல்லை இல்லை. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தைப் பிரித்ததே அன்றி வீட்டுப் பழக்கங்களைப் பிரிக்கவில்லை. சொற்களையும் முற்றப் பிரிக்கவில்லை. தமிழர் 'பச்சை குத்து' என்பதை மலையாளத்தார் 'பச்சகுத்து' என்பர்.

பச்சையின் உருவங்களைப் பற்றி, கோலம், தேள், மயில், புள்ளிவரிசை என்று, பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே ஆராயப் புகுவது அதன் வலியை. அவ்வலிக்கு நம் முன்னோர் எவ்வாறு ஆயத்தமாயினர், எவ்வாறு பொறுத்தனர் என்பதே கேள்வி. இக்காலத்தில் நம் குடியிருப்புகளிலுள்ள இளைஞர் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் கடையில் அமர்ந்து தோள் நிறையப் பச்சை குத்திக்கொண்டு வருகின்றனர். வீட்டிலுள்ள மூதாட்டி அதைப் பார்த்து, 'எப்படியப்பா பொறுத்தாய்?' என்று வியக்கிறாள். அவளுடைய முன்கையிலும் பச்சை உண்டு. அவளிடம் இதே கேள்வியை எவரும் கேட்டதில்லை!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுதல் நலம். சங்க நூல்கள் கூறும் தொய்யிலைப் பச்சை குத்தலோடு சிலர் ஒன்றாக்கிப் பேசுவர். தொய்யில் என்பது சந்தனம் முதலிய குழம்புகளால் மகளிர் தோளிலும் மார்பிலும் எழுதும் கோலம். நீராடினால் அழியும், நோவும் இல்லை. ஊசி கொண்டு குத்துவது வேறு.

ஊசி ஏன் நோகிறது? நம் மேற்றோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். அங்கே இட்ட மை அதனோடு போய்விடும். மை நிலைக்க வேண்டுமாயின் நரம்பும் குருதிநாளமும் உள்ள உட்டோலை அது எட்டவேண்டும். ஆகவே நோகாத பச்சை நில்லாத பச்சை. எலும்பை ஒட்டிய மணிக்கட்டிலும், தோல் மெலிந்த முழங்கை உட்புறத்திலும் நோவு மிகுதி. சதைப்பற்றுள்ள மேற்கையில் குறைவு. இட்டது கரிய மையே ஆயினும், தோலுக்கடியில் ஒளி சிதறுவதால் அது நீலமும் பச்சையுமாகத் தோன்றுகிறது. பெயரும் அதனாலேயே பொருந்துகிறது.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கார் தர்ஸ்டன், 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இத்தொழிலைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் இதனைச் செய்தவர் பெரும்பாலும் ஊர் ஊராய்ச் சென்ற குறத்தியர். விளக்குக் கரியும் தாய்ப்பாலும், மஞ்சளும் அகத்தியிலையும், பச்சிலைச் சாறும் என மைக்குப் பல பக்குவங்கள் உண்டு. ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, மையில் தோய்த்துக் குத்துவர். குத்தி முடிந்தபின் எண்ணெய் தடவுவதும் மஞ்சள் அப்புவதும் வழக்கம். எண்ணெய் எரிச்சலைத் தணிக்கும், மஞ்சள் வீக்கத்தை அடக்கும் என்பது அவர்கள் கண்ட மருத்துவம். கூலி நெல்லாகவும் அரிசியாகவும் வெற்றிலை பாக்காகவும் போயிற்று.

இவற்றினும் பெரிய மருந்து ஒன்று அவர்களிடம் இருந்தது. அது பாட்டு. அழும் பெண்ணைத் தேற்றவும், அவள் கருத்தை ஊசியிலிருந்து திருப்பவும் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாள் எனத் தர்ஸ்டன் குறித்துள்ளார். இதை வெறும் தாலாட்டு எனத் தள்ளிவிடுதல் ஆகாது. 1965-இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் வலியைக் குறித்து ஒரு கொள்கையை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. நோவின் செய்தி அவ்வழியே மூளைக்கு ஏறும்போது, தொடுதலும் அழுத்துதலும், மூளையிலிருந்து இறங்கும் கருத்தும் அவ்வாயிலைச் சற்றே அடைக்க வல்லவை என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துக்கொள்வது இதனாலேதான். கையை இறுகப் பிடித்த பிடியும், காதில் விழுந்த பாட்டும் வலியின் அளவையே குறைத்திருத்தல் கூடும். குறத்தி இக்கொள்கையைப் படித்தவள் அல்லள். ஆயிரம் கைகளைக் குத்திப் பார்த்தவள்.

தென்திருவிதாங்கூர்ப் பக்கத்தில் ஊர் சுற்றிய மகளிரைக் காக்காலத்தி என்றும் வழங்குவர். கைபார்த்தல், காதுகுத்தல் முதலியன அவர்கள் தொழில். சிவபெருமான் காக்காலனாகவும் பார்வதியும் கங்கையும் காக்காத்திகளாகவும் வரும் 'காக்காரிசி' என்னும் நாடகம் திருவனந்தபுரம் சீமையில் ஆடப்பெறுவது. அதன் பாட்டும் பேச்சும் தமிழும் மலையாளமும் கலந்தவை. எல்லையூர்களின் மொழியே அதுதானே.

இத்துணை நோவை ஏன் ஏற்றனர்? இறந்தால் உடன் வருவது பச்சை ஒன்றே என்று சொல்லும் மூதாட்டியரை எல்லோரும் கண்டிருப்போம். அதற்கும் மேலான ஒரு காரணம் திருவிதாங்கூருக்கு உண்டு என்று நாம் கருதுகிறோம். அங்கே தாழ்த்தப்பட்ட குலத்தார் எத்தகைய ஆடை உடுத்தலாம், எத்தகைய நகை அணியலாம் என்பதையெல்லாம் சாதிக் கட்டுப்பாடு விதித்திருந்தது. அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1855-இல். சாணார்ப் பெண்டிர் மேலாடை அணியலாம் என்னும் அரசறிவிப்பு வந்தது 1859 ஜூலை 26-இல். அதற்காக அவர்கள் பட்ட அடியும் அவமானமும் நாடறிந்தவை. பொன்னைக் கழற்று என்று சொல்லலாம், துணியை இறக்கு என்று சொல்லலாம். முன்கைப் பச்சையை எவர் கழற்றச் சொல்ல இயலும்? ஒரு நாள் அழுகையை விலையாகக் கொடுத்து, பறிக்க முடியாத ஓர் அணியை அவர்கள் வாங்கினர்.

ஆனால் அவ்விலையைக் கொடுத்தவர் பெரும்பாலும் சிறுமியர். முடிவு செய்தவர் தாயோ பாட்டியோ. பாட்டு இனிதாயினும் கையைப் பிடித்தவர் விடவில்லை. பழைமையைப் போற்றும் ஆர்வத்தில் இதை நாம் மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

தேற்றுவாரே இல்லாத குத்தலும் இந்நாட்டில் நடந்துள்ளது. கும்பினி ஆட்சியில் ஆயுள் தண்டனை பெற்றோர் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் ஊசியால் குத்தும் தண்டனை இருந்தது. வடநாட்டில் அதற்குக் 'கோத்னா' என்று பெயர். 1849-இல் அஃது ஒழிக்கப்பட்டது. அதே ஊசி, அதே மை. எனினும் அந்நோவும் தாய் மடியில் பட்ட நோவும் ஒன்றாகா.

பிற நாட்டார் கையாண்ட வழிகளையும் ஒப்புநோக்கலாம். நம்மவர் பலர் வாழ்ந்து மீண்ட பர்மாவில், ஆண்பிள்ளைகளுக்கு இடுப்பு முதல் முழங்கால்வரை பச்சை குத்துவது முன்பு கட்டாயம் போன்ற வழக்கம். ஒரே அமர்வில் முடிப்பதில்லை. சில உருவங்களை மட்டும் குத்தி, ஆறவிட்டுத் தொடர்வர். நோவு தெரியாமலிருக்க அபினி கொடுப்பதும் உண்டு. அதன் அளவு மிஞ்சி உயிர் போனதும் உண்டென்று, ஷ்வே யோ என்னும் புனைபெயரில் எழுதிய ஸ்காட் 1882-இல் பதிந்துள்ளார். சமோவாத் தீவில் ஆடவர் மேற்கொள்ளும் பெரும்பச்சை நாட்கணக்கில் நீளும். உறவினர் சுற்றி அமர்ந்து பாடுவர், ஆற்றுவர். தாங்க மாட்டாமல் இடையே எழுந்தவனுக்கு அரைகுறைப் பச்சையும் வாழ்நாள் இகழ்ச்சியும் எஞ்சும். அபினியையும் இகழ்ச்சியையும் கண்டபின், எண்ணெயும் மஞ்சளும் பாட்டும் எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது.

1891-இல் நியூயார்க்கு நகரத்துச் சாமுவேல் ஓரைலி மின்பொறிக்குக் காப்புரிமை பெற்றபின் தொழிலின் முகம் மாறிற்று. பொறி விரைவாகக் குத்துகிறது. ஆகவே உருவம் பெரிதாயிற்று, அமர்வும் நீண்டது. பழைய பச்சை சிறியது. அழுகை அடங்குமுன் முடிந்துவிடும். நீண்ட அமர்விலோ முதலில் உடல் தானே சுரக்கும் பொருள்கள் நோவை மழுப்புகின்றன. இரண்டு மூன்று மணி சென்றபின் அவை தளர, வீங்கிய தோல் தொட்டாலே எரிகிறது. முந்திய இரவு நன்றாக உறங்குதல், வயிறார உண்டு செல்லுதல், மது அருந்தாமை, நீர் பருகுதல், இடையிடையே எழுந்து கைகால் நீட்டுதல், மூச்சை அடக்காமல் மெல்ல விடுதல் என்பன இன்று கூறப்படும் ஆயத்தங்கள். வெறும் வயிற்றோடு அமர்ந்தவர் மயங்கி விழுவது அடிக்கடி நிகழ்வது. மரப்புக் களிம்பு பூசுவோரும் உளர். அதை மருத்துவரைக் கேளாமல் உடலெங்கும் பூசுதல் தீங்கு.

ஒரு வகையில் இக்காலம் உறுதியாக மேலானது. முற்காலத்தில் ஒரே ஊசி ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் சென்றது. குருதிவழிப் பரவும் மஞ்சட்காமாலை முதலிய நோய்களுக்கு அது திறந்த வாயில். இன்றும் திருவிழாக் கடைத்தெருவில் ஊசி மாற்றாமல் குத்துவோரிடம் கை நீட்டுதல் ஆகாது. பாட்டு எவ்வளவு இனிதானாலும் அவ்வூசியைத் தூய்மையாக்காது.

குத்திய பச்சையை அழிக்க முயல்வோரும் பெருகியுள்ளனர். லேசர் ஒளியால் மையை உடைக்கும் அம்முறைக்குப் பல அமர்வுகள் வேண்டும். குத்தியபோது பட்டதைவிட அழிக்கும்போது பட்டதே மிகுதி என்பார் பலர். இந்தியத் தரைப்படைக்கு ஆள் எடுக்கையில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையையே பொதுவாக ஏற்கின்றனர். பழங்குடியினர்க்குத் தனி விலக்கு உண்டு. நம் பாட்டிமார் பலரும் குத்திக்கொண்ட இடமும் அந்த முன்கையே.

விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பத்தார், பாறசாலைப் பக்கமோ களியக்காவிளைப் பக்கமோ, கையில் பச்சையுள்ள மூதாட்டியைக் கண்டால், உருவத்தைப் படம்பிடிப்பதோடு நின்றுவிட வேண்டா. எத்தனை வயதில் குத்தினர், யார் கையைப் பிடித்திருந்தார், குத்தியவள் எந்த மொழியில் பாடினாள், வீக்கம் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு எழுதிக்கொண்டு வருக. விடை சொல்லக் கூடியவர் ஊருக்கு ஒருவர் இருவராய்க் குறைந்து வருகின்றனர்.