கடலூர், சிதம்பரத்துல ரோஜா வளர்க்கணுமா? உரத்துக்கு முன்னாடி தண்ணியைக் கவனிங்க!

நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த ரோஜா, வீட்டுக்கு வந்த ரெண்டே மாசத்தில் வெறும் குச்சியாக நிற்குதா? உடனே டீத்தூள், முட்டை ஓடு, உரம்னு தேட ஆரம்பிச்சிடுவோம். ஆனால், கடலூர், சிதம்பரம் பக்கம் ரோஜாவுக்குப் பெரிய எதிரி தண்ணிதான். கோடையில் உப்புத்தண்ணி, மழைக்காலத்தில் தேங்குற தண்ணி. இந்த ரெண்டையும் சமாளிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சது!

எந்தச் செடி வாங்கலாம்?

நீளக் காம்பில் ஒத்தைப் பெரிய பூ பூக்கும் ரகங்களுக்கு ஓசூர் மாதிரி குளுமையான ஊர்தான் தோது. நம்ம ஊர் வெயிலுக்குப் புதராக வளரும் ரகங்களே நல்லது. 'பன்னீர் ரோஜா'ன்னு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் எட்வர்டு ரோஜா சரியான தேர்வு. இதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு. வாசனையும் தூக்கலாக இருக்கும். மாலை கட்டும் உதிரிப்பூவுக்காகத் தமிழக விவசாயிகள் இதையும் பயிரிடுறாங்க.

மண்ணைப் பாருங்க

கடலூர் கடற்கரைப் பகுதியில் மணல் அதிகம். ஊத்துற தண்ணி நிற்காது. குழியில் மட்கிய தொழுவுரத்தைத் தாராளமாகக் கலந்து, மேலே காய்ந்த இலைகளால் மூடாக்கு போடுங்க. சிதம்பரம் பக்கம் களிமண், தண்ணி வடியாது. அங்கே குழிக்குப் பதிலாக ஒரு அடி உயர மேடு கட்டி, அதில் நடுங்க. தொட்டி என்றால் குறைந்தது 12 அங்குலம் இருக்கட்டும். செம்மண் 2 பங்கு, தொழுவுரம் 1 பங்கு, மணல் 1 பங்கு போதும். தினமும் 6 மணி நேரம் வெயில் படணும்.

உப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

இலை ஓரம் கருகுதா, மண்ணின் மேல் வெள்ளையாகப் படியுதா? போர் தண்ணியில் உப்பு இருக்கலாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணியையும் சோதிச்சுக்கலாம். மாசம் ஒருமுறை நல்ல தண்ணியைத் தொட்டியின் அடித்துளை வழியாக வழியும் வரை ஊத்தினால் உப்பு கரைஞ்சு வெளியேறும். ஆர்.ஓ மெஷினின் கழிவுநீரை மட்டும் ஊத்தாதீங்க. அதில் உப்பு இன்னும் அதிகம்.

மழைக்காலம் வந்தால்...

2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த 'தானே' புயலை கடலூர்க்காரங்க மறக்க முடியுமா? அக்டோபர் வந்ததுமே தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துட்டு, ரெண்டு செங்கல் மேல் தூக்கி வைங்க. புயல் எச்சரிக்கை வந்தால் மாடித் தொட்டிகளைக் கீழே இறக்கிடுங்க. தரையில் உள்ள செடியை ஒரு கழியோடு சேர்த்துக் கட்டுங்க. இலையில் கரும்புள்ளி தெரிஞ்சா, அந்த இலைகளைப் பறிச்சுக் குப்பையில் போடுங்க. செடியடியில் விடக் கூடாது.

எப்போ வெட்டணும்?

அடைமழையில் வெட்டினால் வெட்டுப்பட்ட இடம் வழியாக நுனி கருகும். அதனால் மழை ஓய்ந்த பிறகு, வெயில் காயும் நாளில் கவாத்து பண்ணுங்க. காய்ந்த, நோயுற்ற குச்சிகளை அடியோடு எடுத்துட்டு, மற்றவற்றை சுமார் ஒன்றரை அடியில், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டணும். ஒட்டுச்செடி என்றால், ஒட்டுக்குக் கீழே முளைக்கும் குருத்தை உடனே நீக்கிடுங்க. விட்டால் அது மேலே இருக்கும் நல்ல ரகத்தையே அமுக்கிடும்.

பூச்சிக்கு என்ன செய்ய?

வெயில் காலத்தில் மொட்டு கருகி, இலை சுருண்டால் இலைப்பேன் காரணமாக இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணியில் 5 மி.லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க.

வெட்டிய நல்ல குச்சிகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க! பென்சில் கனத்தில் அரை அடித் துண்டுகளாக்கி நிழலில் நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கிட்டால் எட்வர்டு ரோஜா வேர் பிடிச்சிடும். அடுத்த முறை நர்சரிக்குப் போகும் செலவு மிச்சம். பக்கத்து வீட்டுக்கும் ஒரு செடி கொடுக்கலாம்!